ரெபேக்காளின் வெள்ளிக்கிழமை விண்ணப்பம்

ஒற்றசேகரமங்கலத்தில் எங்கள் சபைக்குத் திருவிருந்துத் திராட்சரசம் காய்ச்சிக் கொடுப்பது ரெபேக்காள்தான். நெய்யாற்றின்கரை சந்தையில் கறுப்புத் திராட்சை வாங்கி, வேகவைத்து, பிழிந்து, வெள்ளைத் துணியில் வடித்து ஆலயத்தில் கொண்டு வைப்பாள். பிரசங்கத்தில் திராட்சத்தோட்டம் அடிக்கடி வரும். ஆனால் எங்களில் ஒருத்தரும் அதைக் கண்ணால் கண்டதில்லை. ரெபேக்காளின் மனதில் அது பாகற்காய்ப் பந்தல் மாதிரி நிழலாக, குலை குலையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டுக்காரி எனக்கும் அப்படித்தான்.

அதனால் அவள் மகன் லிபின் பிரான்சிலிருந்து முதல் வீடியோ அனுப்பியபோது எங்கள் இரண்டு பேர் மானமும் போயிற்று. சரிவு முழுக்க இடுப்பு உயரத்துக்கு மொட்டைக் குச்சிகள் வரிசை வரிசையாக நின்றன. அதன் நடுவே சைக்கிள் குதித்துக் குதித்துப் போகிறது. இது மரச்சீனி விளை என்று ரெபேக்காள் தீர்ப்புச் சொன்னாள். நானும் தலையாட்டினேன். மரவள்ளிக் கம்பு நட்ட மரச்சீனி விளையேதான். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. போனில் கூப்பிட்டு, அடுத்த ஆளுடைய விளையில் சைக்கிளை ஏற்றி மிதிக்கிறாயே, உடமஸ்தன் கண்டால் சும்மா விடுவானா என்று பிடிபிடியென்று பிடித்தாள். அதுதான் திராட்சத்தோட்டம், இது இலை உதிர்ந்த காலம், நடுவில் போவது பொதுவழி என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் பையனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. சித்திரையில் தளிர்விட்ட வீடியோ வந்த பிறகுதான் அவள் நம்பினாள்.

லிபின் ஹோட்டல் படிப்புக்குப் போனவன். படித்து முடித்ததும் வேறொரு வேலையில் ஒட்டிக்கொண்டான். கல்லும் வேரும் கிடக்கிற மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்றே தடித்த டயர் வைத்த சைக்கிள்கள் உண்டல்லவா, அவற்றை வாடகைக்குக் கொடுத்து, சுற்றுலா வருகிறவர்களைத் தோட்டங்கள் வழியே கூட்டிப்போகிற சின்ன நிறுவனம். ஆட்களைக் கூட்டிப்போகும் முன்னே பாதையை அவன் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். ஹெல்மெட்டில் ஒரு கேமரா இருக்கும். அந்தப் படத்தை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து நிறுவனம் இணையத்தில் போடும். அதுவே ரெபேக்காளுக்கும் வரும்.

அவள் வீட்டில் ரப்பர் பாலை உறையவைத்து ஷீட்டாக அடித்துப் புகைப்புரைக் கொட்டிலில் தொங்கவிடுகிற வேலை. மதியத்தோடு அது ஒதுங்கிவிடும். பிறகு அடுக்களைப் படியில் நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து போனைச் சாய்த்து வைப்போம். ஓட்டு வீடுகள், ஒற்றைக் கோபுரத்தோடு ஒரு மாதா கோயில், ஒவ்வொரு வரிசையின் தலைமாட்டிலும் ஒரு ரோஜாச்செடி, குரைத்துக்கொண்டே கூட ஓடிவரும் நாய். இறக்கம் வந்தால் ரெபேக்காள் இரண்டு காலையும் தரையில் ஊன்றி பிரேக் பிடிப்பாள்.

என்ன ஒன்று, கேமரா அவன் தலையில் இருப்பதால் ஊர் முழுக்கத் தெரியும், அவன் மட்டும் தெரியமாட்டான். ஹேண்டில்பாரில் இரண்டு கைகள் தெரியும். வெயில் சாய்ந்த நேரமென்றால் வெள்ளைக்கல் பாதையில் அவன் நிழல் பக்கத்திலேயே ஓடிவரும். அந்த இடத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு ரெபேக்காள் பார்த்துக்கொண்டே இருப்பாள். நிழலுக்குச் சோறு ஊட்டப் போகிறாயா என்று கேலி செய்தேன். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புருஷன் வேதமாணிக்கம் இறந்த பிறகு அவளுக்கு ஒரே ஆசைதான். லிபின் திரும்பி வந்து இந்த வீட்டில் இருக்க வேண்டும். தினம் வீடியோவில் முகம் காட்டிப் பேசத்தானே செய்கிறான் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. எனக்கும் பிடிக்காது.

வெள்ளிக்கிழமை தோறும் ஆலயத்தில் பெண்களின் உபவாச ஜெபம் உண்டு. ஒவ்வொருத்தியாக எழுந்து தன் விண்ணப்பத்தைச் சொல்ல, மற்றவர்கள் முழங்காலில் நின்று வாய்விட்டு ஜெபிப்போம். ஒரு தடவை சொன்ன விண்ணப்பம் அவ்வளவு லேசில் போகாது. சொன்னவளே மறுபடி எழுந்து, கேட்டது கிடைத்ததென்று ஸ்தோத்திரம் சொல்லும் வரை வாராவாரம் அது நடக்கும். ஜெபத்தை நடத்துகிற ஞானபாய் அக்கா ஒன்றையும் விடமாட்டாள். லிபினைத் திரும்பக் கொண்டுவாரும் என்று வருஷக்கணக்கில் கேட்டிருக்கிறோம். கர்த்தருக்கே சலித்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

இந்த வருஷம் ஓணம் லீவு முடிந்த வாரம் லிபின் கூப்பிட்டான். நிறுவனத்தில் நிரந்தர வேலை தருகிறார்களாம். திராட்சை அறுப்பு முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டுமாம். கடைசியில் அவன் சொன்னதை அவள் என்னிடம் வரிக்கு வரி ஒப்பித்தாள்.

"அம்மா, நீ வான்னு சொன்னா வாறேன். நில்லுன்னா நிக்கேன். நீ சொல்லுததாக்கும் கணக்கு."

ரப்பர் பாலை உறையவைக்கிற ஆசிட் வாடை அடிக்கிற ஈரக்கையோடு ஓடிவந்து அவள் இதைச் சொன்னபோது சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எவ்வளவோ காலமாயிற்று. இப்போதே கூப்பிட்டு வரச் சொல் என்றேன். இல்லை, வெள்ளிக்கிழமை சபையில் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுத்தான் அவனிடம் சொல்வேன் என்றாள். அவளுக்கு அந்தப் பெருமை வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு வீடியோ வந்தது. அறுப்புக்கால அவசரத்தில், வெட்டாமல், பாட்டுச் சேர்க்காமல், கேமராவில் இருந்ததை அப்படியே அனுப்பிவிட்டான். நான் போனபோது ரெபேக்காள் அதைப் பார்க்கவில்லை. போனைக் காதில் அழுத்தி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவனோடு பேசுகிறாளாக்கும் என்று நினைத்தேன். அவள் வாயைப் பொத்திக் காட்டிவிட்டு, போனை என் காதில் வைத்தாள்.

மூச்சுச் சத்தம். சரளைக்கல் டயரில் நெரிகிறது, செயின் கறகறக்கிறது, அதற்கு மேலே லிபினின் மூச்சு. உள்ளே போகிறது, வெளியே வருகிறது. படத்தில் பாதை மலைமேல் ஏறிக்கொண்டே போகிறது, திராட்சை முடிந்து காடு வருகிறது, மூச்சு மட்டும் பிசகவில்லை.

"ஒரு இழுப்பு இல்ல அக்கா," என்றாள். "இவ்வளவு ஏத்தத்திலயும் ஒரு இழுப்பு இல்ல."

லிபினுக்குச் சின்னதிலேயே ஆஸ்துமா இழுப்பு உண்டு. வைகாசி பாதியில் இடவப்பாதி மழை தொடங்கினால் நெஞ்சுக்கூடு குழிந்து, மூச்சு விசிலடிக்கும். எங்கள் ஊர் ஷாஜியின் ஆட்டோவில் போட்டுக்கொண்டு நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்கு எத்தனை தடவை ஓடியிருக்கிறோம். ஈரமும் புகையும் ஆகாது என்று டாக்டர் சொன்னார். அவள் புகைப்புரையை என் விளைக்கு மாற்றினாள். மழையை எங்கே மாற்றுவது? போன கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்தவன் ஒரே வாரத்தில் தலையணையை மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்துவிட்டான். விமானத்தில் வந்த களைப்பு என்று நாங்கள் இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம்.

நான்தான் வாதாடினேன். இப்போது நல்ல மருந்தெல்லாம் உண்டு, பாறசாலையில் ஒரு வீடு எடுத்தால் போயிற்று, அங்கே இவ்வளவு ரப்பர் இல்லை என்றேன். எனக்கும் அவன் வர வேண்டும். என் பிள்ளைகள் விளையாடி அடித்துக்கொண்டது அவனோடுதான்.

ரெபேக்காள் எங்கள் வீட்டுக்கு ஏறிவருகிற சின்ன மேட்டைக் கை காட்டினாள். "இதில அவன் பாதியில உக்காந்து உக்காந்துல்லா அக்கா ஏறுவான்."

மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை அவனைக் கூப்பிட்டாள். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள், எதற்கென்று தெரியவில்லை. நில்லு மக்கா என்று சொன்னாள். அம்மாவுக்கு வருத்தம் இல்லையா என்று அவன் திருப்பித் திருப்பிக் கேட்டான். திராட்சை அறுக்கிற இடத்தைக் காட்டு, இங்கே சபைப் பாதிரியாருக்கும் காட்டணும் என்று பேச்சை மாற்றினாள். போனை வைத்ததும் எழுந்துபோய், காலையிலேயே அடித்துக் காயப்போட்ட ஷீட்டை எல்லாம் எடுத்து மறுபடி கழுவினாள்.

மறுநாள் உபவாச ஜெபத்தில் அவள் எழுந்தபோது எல்லாரும் ஸ்தோத்திரத்துக்குத் தயாராக இருந்தார்கள். வரட்டுமா என்று லிபின் கேட்ட செய்தி அதற்குள் ஊரெல்லாம் பரவியிருந்தது.

"எனக்க மோன் வரணும்னு இனி ஆரும் ஜெபிக்காண்டாம்," என்றாள். "அவன் அங்க நல்லா மூச்சு விடுகான். அதுக்கு ஸ்தோத்திரம். நான் கேட்டத நானே திரும்ப எடுக்கேன்."

கேட்ட விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்தவள் எங்கள் சபையில் அதுவரை ஒருத்தியும் இல்லை. ஞானபாய் அக்கா சரியென்று தலையசைத்து, எல்லாரையும் முழங்காலில் நிற்கச் சொன்னாள். ஜெபம் தொடங்கியது. சுகமில்லாதவர்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளைகள், வளைகுடாவில் இருப்பவர்கள் என்று வழக்கமான வரிசையில் அக்காவின் வாய் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடிவிட்டால் பழக்கந்தானே பேசும். கர்த்தாவே, எங்கள் பிள்ளை லிபினைத் திரும்பக் கொண்டுவாரும் என்று வாராவாரம் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, சொன்னது உறைத்ததும் சட்டென்று நிறுத்தினாள்.

அந்த அமைதியில் ரெபேக்காளின் குரல் மட்டும் கேட்டது. ஆமென் என்றாள்.