ஐந்து சொல்லும் ஒரு மணிக்கூடும்

போன வருடம் மாரி தொடங்குவதற்குச் சற்று முன், ஊர்காவற்றுறைப் பக்கம் எங்கள் ஊர் வாசிகசாலையில் நடந்தது இது. வயதானவர்களுக்கு ஞாபகசக்திச் சோதனை, இலவசம் என்று அறிவித்தார்கள். இலவசம் என்றதுமே எனக்குச் சந்தேகம். மகளுக்குக் காணி எழுதவேண்டியிருந்தது. காணி என் கணவர் பெயரில். அவருக்கு மறதி என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிவிட்டால் கையெழுத்துச் செல்லாது, அவருடைய சகோதரர்கள் வழக்குக்கு வருவார்கள் என்று பயந்தேன். போகாமல் விட்டால் அதற்கும் கதை கட்டுவார்கள்.

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் சோதனைக்குப் பாடமாக்கலாம் என்பது தெரியும். அதற்கு முந்தின கிழமை நயினாதீவில் நடந்த சோதனைக்குத் தாயைக் கூட்டிப்போன பக்கத்து வீட்டு அக்காவிடம் கேள்விகளைப் பிடுங்கினேன். ஐந்து சொல்லைச் சொல்லிவிட்டுச் சற்றுப் பொறுத்துத் திரும்பக் கேட்பார்களாம். குடை, ஆடு, கதவு, சிவப்பு, மல்லிகை. காலையும் மாலையும் தேத்தண்ணீரோடு இவருக்கு அதைத்தான் ஊட்டினேன்.

சோதனையன்று, வந்திருந்த இளம் டொக்டர்ப் பிள்ளை "குடை, ஆடு" என்று தொடங்கினார். இவர் "கதவு, சிவப்பு, மல்லிகை" என்று முடித்துவைத்தார்.

"ஐயா, கேள்வியையும் நீங்களே கேளுங்கோவன்" என்றார் டொக்டர்.

"நான் என்ன செய்ய, பிள்ளை? மனுசி ஒரு கிழமையா வதைச்சவ."

டொக்டர் சட்டென்று சிங்களத்துக்கு மாறினார். இவர் சிங்கள ஊரான மாத்தறையில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர்; பெயர் பதியும்போது அதையும் சொல்லியிருந்தார். இருவரும் சிரித்துச் சிரித்துக் கதைத்தார்கள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கக்கூடாது என்றுதானே மாற்றினார்கள் என்று நினைத்தேன். டொக்டர் கொடுத்த பேனையால் இவர் கடதாசியில் எதையோ எழுதுவதைக் கண்டதும் பாய்ந்து அதைப் பறித்தேன்.

"என்னத்திலை ஒப்பம் வாங்குறியள்?"

அதில் ஒப்பம் இல்லை. மணிக்கூடு ஒன்று கீறச் சொல்லியிருக்கிறார்கள். பன்னிரண்டு இலக்கங்களும் வட்டத்தின் ஒரு பக்கத்தில் நெரிந்து கிடந்தன.

"வடிவா இருக்கோ?" என்று இவர் என்னைக் கேட்டார்.

பிறகு, முதலில் சிரித்துக் கதைத்தபோது சிங்களத்தில் சொல்லிவைத்த வேறு ஐந்து சொற்களைத் திரும்பச் சொல்லும்படி டொக்டர் கேட்டார். இவர் என் முகத்தைப் பார்த்தார். சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

"நீங்கள் சொல்லிக்குடுக்க ஏலாத பாஷையிலைதான் அக்கா கேட்டனான். ஐயா அதை நல்லாக் கதைக்கிறார், தடக்கிறது பாஷையில்லை, ஞாபகம்தான். பாடமாக்கினதைத் தமிழிலை மட்டும் கேட்டிருந்தா, ஒண்டுமில்லை எண்டு வீட்டை அனுப்பியிருப்பன்" என்றார் டொக்டர்.

அழுதுகொண்டே காணிக் கதையைச் சொன்னேன். "இது தொடக்கம்தான். இப்ப அவருக்கு எல்லாம் விளங்குது. பெரிய டொக்டரிட்டைக் காட்டிப்போட்டு எழுதுங்கோ, பிந்தாதேங்கோ" என்றார். அந்த மாதமே, பெரிய டொக்டரிடம் காட்டிவிட்டு, காணி உறுதிப் பத்திரத்தை வரி வரியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு, இவர் கையெழுத்து வைத்தார்.

இப்போதும் கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். கேள்வி கேட்கும்போது அவர் தடுமாறினால் என் வாய் துடிக்கும். ஆனாலும் பேசாமல் பக்கத்தில் இருப்பதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய உதவி என்று அன்றைக்குத்தான் படித்தேன்.