முன்சுவர்

மேசன் மீராசா கடலுக்கு முகம் கொடுக்காத மனிதர். சாய்ந்தமருதில் கடலோர வளவிலிருந்து அவரது மனைவியையும் சின்ன மகளையும் சுனாமி கொண்டுபோனது. அந்த வளவை விட்டால் வேறு காணி இல்லாததால், மூத்தவள் ஹிமாயாவுக்குச் சீதன வீட்டை அங்கேயே கட்டினார். கடலைப் பார்த்த முன்சுவரில் ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை. இரட்டைக் கம்பி கட்டிக் கொங்கிறீட் ஊற்றி, இரும்புக் கதவு போட்டார். அவர் புழங்குவது பின்வாசலால்தான்.

வாசலில் ஆள் அசைந்தால் போனுக்குச் சொல்லும் பெல் கமரா ஒன்றைக் கத்தாரிலிருந்து மருமகன் அனுப்பியிருந்தார். அது அந்தக் கதவடியில் வேலை செய்யவே இல்லை. அதைப் பொருத்த வந்த ஸப்ரி வீட்டுக்குள் இருந்த ரவுட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டான், பாஸ்வேர்டை மாற்றினான். கடைசியில் கமராவைக் கழற்றி ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்ததும் படம் வந்தது.

"மீராசா காக்கா, கமராவில பிழையில்ல. உங்கட சுவருதான் சிக்னல விடுதில்ல. ஓட்டை போட்டு வயர் இழுத்து, வெளியில ஒரு பூஸ்டர் வெச்சாச் சரி."

சுவருக்குள் கம்பி ஓடும் இடம் மீராசாவுக்கு மட்டுமே தெரியும். டிரில்லை வாங்கித் தானே துளைத்தார்.

"வாப்பா, இஞ்ச பாருங்க!" ஹிமாயா போனை நீட்டினாள்.

படத்தின் அடியில் வாசற்படி கொஞ்சம் தெரிந்தது. மிச்சமெல்லாம் கடல். அலை எழும்பும்போதெல்லாம் போன் கிணுகிணுத்து, வாசலில் யாரோ வந்திருப்பதாகச் சொன்னது.