ஹந்தான் வீட்டில் பன்னிரண்டாம் கேள்வி

பெர்ரின், துருக்கியில் குதாஹ்யா நகரத்துச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். வேலை பார்த்துக்கொண்டே முதுகலையும் படித்தாள். மனநோய்களைப் பற்றி மக்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்கும் ஆங்கிலக் கேள்வித்தாள் ஒன்றைத் துருக்கி மொழி பேசுகிறவர்களுக்குப் பொருந்தும்படி மாற்றுவதுதான் அவள் ஆய்வு. இரண்டு பேர் மொழிபெயர்த்தார்கள். மூன்றாமவர், மூலத்தைப் பார்க்காமலே, அதைத் திரும்ப ஆங்கிலமாக்கினார். ஒத்துப்போயிற்று. இனி சாதாரண ஜனங்களிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதில் பன்னிரண்டாவது இது: "ஒருவர் பல வாரங்களாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, வெளியே வருவதில்லை. இது மருத்துவர் பார்க்க வேண்டிய நோய்." ஆம், இல்லை, தெரியாது. 'ஆம்' என்றால் மதிப்பெண்.

பெர்ரினின் அக்கா ஹந்தான் வசந்தத்திலிருந்து அப்படித்தான் இருந்தாள். கணவர் ரிஃபாத் இறந்து, நாற்பதாம் நாள் ஓதலும் நடந்து, வந்தவர்களுக்கெல்லாம் அல்வா கிளறிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவள்தான். இது துக்கமா, நோயா? டாக்டரிடம் கூட்டிப்போனால் அவள் துக்கத்தை அவமதித்தது போலாகுமோ? கூட்டிப்போகாமல் விட்டு ஏதாவது ஆகிவிட்டால்? ஊராருக்கெல்லாம் யோசனை சொல்கிற பெர்ரினுக்குச் சொந்த அக்கா விஷயத்தில் கை ஓடவில்லை.

அந்தத் தெருப் பெண்கள் மாதம் ஒரு வீட்டில் கூடுவார்கள். அந்த மாதம் ஹந்தானின் முறை. விட்டுவிடலாமே என்று பெர்ரின் சொன்னதற்குத் தெருவில் மூத்தவளான நெபஹத் பெரியம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"முறைன்னா முறைதான். அவ டீ மட்டும் போடட்டும். பலகாரத்துக்குப் பொரெக்கை நான் சுட்டு எடுத்தாறேன்."

பெர்ரின் கேள்வித்தாளோடு போனாள். அக்கா காதிலும் விழட்டும் என்று ஒரு நப்பாசை.

"ஒவ்வொருத்தரா உள் அறைக்கு வாங்க. தனித்தனியாத்தான் கேக்கணும்."

"ஏண்டி, ஊசியா போடப்போறே? இங்கயே படி," என்றாள் நெபஹத். "எங்களுக்குள்ள என்ன ஒளிவு மறைவு?"

படித்தாள். பதினொன்று வரை ஒரே சிரிப்பு, ஒரே சண்டை. பன்னிரண்டாவதைப் படித்ததும் கிளாஸுக்குள் கலக்கிக்கொண்டிருந்த கரண்டிகள் நின்றன. தட்டத்தோடு நின்ற ஹந்தானை ஒருவரும் பார்க்கவில்லை.

"நோயாவது மண்ணாவது!" என்றாள் நெபஹத். "மனசுன்னு ஒண்ணு இருக்கறவ அப்படித்தான் இருப்பா. இல்லைன்னு போடு."

"எனக்கும் இல்லைன்னே போடு," என்றாள் இன்னொருத்தி.

"எனக்கும்," என்றாள் மியூஷ்கான்.

பெர்ரின் திகைத்தாள். தம்பியின் மனநோய் மாத்திரைக்காக மாதாமாதம் சுகாதார நிலையத்துக்கு வருகிறவள் இந்த மியூஷ்கான்.

செருப்பு மாட்டும்போது மியூஷ்கான் அவள் காதோரம் குனிந்தாள். "வேற வீட்டுல கேட்டிருந்தா ஆமான்னிருப்பேன். அவ கையால டீயைக் குடிச்சிட்டு, அவ மூஞ்சிக்கு நேரா நீ நோயாளின்னு சொல்லச் சொல்றியா?"

பேராசிரியர் தாள்களைப் புரட்டினார். "ஒருத்தருக்குக்கூட தெரியலையா? கேள்வியை இன்னும் எளிமையாக்குங்க." தெரியாததல்ல, அந்த வீட்டில் சொல்ல மனம் வராததுதான் என்று விளக்கப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மியூஷ்கான் சபையில் சொன்னது மரியாதைக்கு. காதில் சொன்னது மட்டும், நர்ஸான தன்னைத் திருப்திப்படுத்தச் சொன்னதல்ல என்று எப்படிச் சொல்வது? எதை எழுதிக்கொள்வது?

அடுத்த முறை அக்கா வீட்டுக்குப் போனபோது ஹந்தானே கேட்டாள். "எல்லாரையும் கேட்டியே, நீ என்ன போடுவே?"

"தெரியாதுன்னு."

"இவ்வளவு படிச்சுமா?" ஹந்தான் லேசாகச் சிரித்தாள், பல மாதம் கழித்து. "எனக்கும் தெரியலடி. அழுகை வந்தாலாவது அவருக்காகன்னு சொல்லிக்கலாம். அதுவும் வரல. இதெல்லாம் தெரிஞ்சவங்க யாரையாவது போய்க் கேப்போமா?"

பெர்ரின் அன்றே மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கினாள். புறப்பட்ட காலையில் நெபஹத் பால்கனியிலிருந்து கூப்பிட்டாள். "அக்காவும் தங்கச்சியும் எங்க கிளம்பிட்டீங்க?"

"கண் டாக்டர்கிட்ட, பெரியம்மா," என்றாள் பெர்ரின்.

தெருமுனை திரும்பியதும் ஹந்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏன் பொய் சொன்னே?"

"தெரியலக்கா."

மினிபஸ் வந்து நின்றது. ஹந்தான்தான் முதலில் ஏறினாள்.