தாராபுரத்துச் சரீபாவும் பஸ்ரியனின் கால் சுவிட்சும்

சரீபா தாராபுரத்தில் வீட்டின் முன்னறையிலேயே கடை போட்டபோது கூரையில் பாதி தறப்பாள் விரிப்புத்தான். 1990இல் மற்ற முஸ்லிம்களோடு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டுப் புத்தளம் போனவள், அங்கே ஒரு ரேடியோக் கடையில் பதினாறு வருடம் ஈயம் பற்றவைத்தாள். 2012இல் கணவன் காமிலோடு திரும்பி வந்ததும் ஒரு மேசையும் மின்னோட்டம் பார்க்கும் மீற்றரும் வைத்துக்கொண்டு தொழிலைத் தொடங்கிவிட்டாள். "பொம்பிளை திருத்துவாவோ?" என்று கேட்டவர்களோடு அவள் வாதாடியதில்லை. "சாமானைத் தாங்கோ" என்பாள்.

அந்த வருடம் ஆவணியில், தோட்டவெளிக் கத்தோலிக்கக் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் வாசிக்கும் பஸ்ரியன் தன் பழைய அம்பிளிபயரை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கூடவே, காலால் மிதிக்கும் ஒரு சுவிட்சுப் பெட்டி. அதில் இரண்டு பொத்தான்கள். ஒன்று ஓசையை அலையலையாக நடுங்க வைப்பதற்கு, மற்றது ஓசை எதிரொலிக்கும் எக்கோவுக்கு.

"எக்கோப் பொத்தானை மிதிச்சால் ஒண்டும் நடக்குதில்லை, தங்கச்சி. அம்பிளிபயருக்குள்ளதான் பிழை. கழட்டிப் பாருங்கோ."

சரீபா அதைக் கழற்றவில்லை. அம்பிளிபயரின் பின்துளையில் தன்னிடமிருந்த பிளக் ஒன்றைச் செருகி, அதன் கம்பிகளை மாறி மாறித் தொட வைத்துப் பார்த்தாள். ஒன்றைத் தொட்டால் நடுக்கம் நின்றது, விட்டால் வந்தது. மற்றதற்கு எக்கோவும் அப்படியே.

"இதில ஒரு பிழையும் இல்லை, அண்ணை. நீங்கள் கொண்டுவந்த கால் சுவிட்ச்தான் இதுக்குரியது இல்லை."

பஸ்ரியனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "கொழும்பில ஒறிஜினல் எண்டு சொல்லித்தானே தந்தவன். பெயர்த்தகடும் கிடக்குது."

"தகட்டை ஆரும் ஒட்டலாம்." அவள் பெட்டியைத் திறந்து காட்டினாள். "ஒரு பொத்தானுக்குச் செய்த பெட்டி. ரெண்டாவது பொத்தானின்ர துளையைத் தொட்டுப் பாருங்கோ, கையைக் கீறும். பிறகு துளைச்சது. ஈயம் புதுசு, மினுங்குது. பிளக்கில ஒரு கறுப்பு வளையம்தான் இருக்குது. உங்கட அம்பிளிபயருக்கு ரெண்டு வளையம் வேணும். இல்லாட்டில் எக்கோவுக்கு வழியே இல்லை. அது சரி, பழையது எங்க?"

"தொண்ணூறில காணாமல் போனது. என்ர தங்கச்சி எடித், தன்ர தையல் மிசினோட இந்தியாவுக்குப் படகேறின நேரம்."

சரீபா சட்டென்று நிமிர்ந்தாள். "தையல் மிசின் எண்டால், மோட்டர் பூட்டினதோ? காலால அமத்துறதோ?"

"ஓம்."

"அப்ப உங்கட சுவிட்சும் மிசின் மிதியெண்டு அதோட போயிருக்கும். வாங்கோ, போவம்."

இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் இருபத்தொரு வருடம் இருந்துவிட்டு எடித் முந்தின வருடம்தான் திரும்பியிருந்தார். கேட்டதும் மிசின் பெட்டியிலிருந்து இரண்டு மிதிகளை எடுத்து வைத்தார். "ஒண்டு வேலை செய்யும். மற்றது பழுதுபோல எண்டு வச்சிருந்தனான்."

"கடவுளே, இதுதான்!" என்று பஸ்ரியன் கை நீட்டினார்.

"பொறுங்கோ, அண்ணை." சரீபா அதை வாங்கினாள். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையங்கள். அடித்தகட்டுத் திருகாணிகளில் கீறலே இல்லை, யாரும் கழற்றியதில்லை. திறந்தால், உள்ளே நூல் சுற்றிய கம்பியும் மங்கிப்போன ஈயமும். மீற்றரை வைத்து ஒவ்வொரு பொத்தானாக அமத்திப் பார்த்த பிறகுதான் சொன்னாள். "இது அசல். துரு மட்டும் துடைச்சால் போதும்."

அன்று பின்னேரமே கோயில் மண்டபத்தில் பஸ்ரியன் எக்கோப் பொத்தானை மிதித்தார். கிற்றாரின் ஓசை சுவர் சுவராகப் போய் வந்தது. எடித் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இதையோ நான் மிசினில கொழுவி, ஓடுதில்லை எண்டு ஏசினனான்!"

பிறகு வவுனியாவிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் கால் சுவிட்சுகள் தாராபுரத்துக்கு வரத் தொடங்கின. ஒருமுறை ஒரு வியாபாரி, பார்வைக்கு அசல் மாதிரியே இருந்த ஒன்றைக் கொண்டுவந்து, அசல் என்று எழுதித் தரச் சொல்லிக் கேட்டான். சரீபா திறந்து பார்த்தாள், காகிதத் துண்டை எடுத்தாள், எழுதினாள்: "நன்றாக வேலை செய்யும். அசல் இல்லை."

அவன் வாசித்தான். "சரி, இப்பிடியே சொல்லி விக்கிறன்" என்றான். பிறகு துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.