ஆன்ட்டியின் போனில் விழுந்த அணில்

தொம்மலூரில் வாடகைக்கு வீடு பிடிக்க என்னவெல்லாம் வேண்டும்? சம்பளச் சீட்டு, ஆதார் நகல், இரண்டு போட்டோ. மூன்றும் என் ஃபைலில் இருந்தன. ஆனாலும் போன மாதம் இரண்டு வீடுகள் கை நழுவின. என்ன வேலை என்று கேட்டார்கள். வீடியோ கேம் புரோகிராமர் என்று உண்மையைச் சொன்னேன் — அவ்வளவுதான்.

சந்தாபுராவில் இருக்கும் அப்பா வீட்டிலிருந்து ஆபீஸ் போய் வர தினமும் நான்கு மணி நேரம். மூன்றாவது வீடும் போனால்... பஸ்ஸிலேயே குடித்தனம் நடத்த வேண்டியதுதான்.

மூன்றாவது வீட்டு ஓனர் அங்கிள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கேம்ஸ்ன்னா இன்னாமா? வீட்ல உக்காந்து ஆடறதா?"

"இல்ல அங்கிள். ஆடறவங்களுக்குச் செஞ்சு குடுக்கறது."

"இதுக்குன்னே படிச்சியா?"

வரிசையாகச் சொன்னேன். படிப்பு எலக்ட்ரானிக்ஸ். முதல் வேலை பொம்மனஹள்ளியில், லிஃப்ட் சரியான மாடியில் நிற்பதற்கு புரோகிராம் எழுதுவது. சனி, ஞாயிறுகளில் நானாகவே சின்னச் சின்ன கேம் செய்து பழகினேன். அவற்றைக் காட்டித்தான் இந்த வேலை கிடைத்தது.

"ஹௌதா, அப்டியா... நல்லாருந்த லிஃப்ட்டு வேலைய விட்டுட்டியா?"

மூன்றாவது 'இல்லை' அவர் முகத்தில் தயாராகிக்கொண்டிருந்தது.

கடைசி முயற்சியாக, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியின் போனை வாங்கி, எங்கள் கேமை ஏற்றிக் கொடுத்தேன். ஆற்றில் நகரும் பலகைகளின் மேல் ஓர் அணில் தாவிப் போக வேண்டும். ஆன்ட்டி தட்டினார். அணில் தண்ணீரில். மறுபடி தட்டினார். மறுபடி தண்ணீரில். ஏழு தடவை.

"எனக்குக் கை வரலம்மா. வயசாச்சு."

'பழகினா வந்துடும் ஆன்ட்டி' என்று சிரித்து மழுப்பியிருக்கலாம். நான் வாங்கி ஆடிப் பார்த்தேன். செய்தவள் ஆடியும் அணில் தண்ணீரில்தான் விழுந்தது.

விஷயம் இதுதான். பலகை, கடிகாரக் கணக்கில் நகரும். அணிலோ, திரையில் மாறும் படங்களை எண்ணித் தாவும் — அப்படி எழுதியது நான். ஆபீஸில் நாங்கள் சோதிக்கும் போன்கள் எல்லாம் புதுசு. அவற்றில் பலகையும் அணிலும் ஒன்றாகப் போகும். ஆன்ட்டியின் பழைய போனில் படங்கள் மெதுவாக மாறுகின்றன. அணில் வந்து சேர்வதற்குள் பலகை போய்விடுகிறது.

வீடு கேட்டு வந்த இடத்தில் யாராவது தன் வேலையின் குறையைச் சொல்வார்களா?

"ஆன்ட்டி, தப்பு உங்க கைல இல்ல. நான் எழுதுனதுல."

அங்கிள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப உனக்கு வேலை போயிடுமா?"

"சரி பண்ணிடுவேன் அங்கிள். எங்க வேலைல பாதி அதான்."

ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பினார். "முன்ன இருந்தவன் பாத்ரூம் கொழாய ஒடச்சிட்டு மூணு மாசம் வாயத் தொறக்கல. இந்தப் பொண்ணு கேக்காமயே சொல்லுது. சாவியக் குடுங்க."

பயோடேட்டாவில் என்னென்னவோ நிரப்புகிறோம்... இந்தத் தகுதிக்கு அதில் ஒரு கட்டம்கூட இல்லையே?

திங்கட்கிழமை முதல் வேலையாக அணிலைச் சரிசெய்தேன். ஆன்ட்டி இப்போதும் விழுகிறார் — ஆனால், இப்போது தப்பு அவருடையதுதான். ஹவுஸ் ஓனரிடம் அதைச் சொல்லும் தைரியம் மட்டும் இன்னும் வரவில்லை.