சிவப்புக் கல் மேஜையும் ஜி.எம். கவுண்டரும்

1. பூட்டு

எம்.எஸ்சி. பிசிக்ஸ் இரண்டாம் வருடம். பிராக்டிகல் பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது எங்கள் நியூக்ளியர் லேப் கதவில் பூட்டு விழுந்தது. பூட்டியவர் எங்கள் ஹெச்.ஓ.டி. சுப்பாராயுடு சார். பூட்ட வைத்தவள் நான் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு.

இப்போது நான் திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் ரேடியேஷன் சேஃப்டி ஆபீசர். அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் கதிர்வீச்சு அளவுக்கு மீறிப் படாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. பயிற்சிக்கு வரும் பிள்ளைகள், "மேடம், நீங்க எப்படி இந்த லைனுக்கு வந்தீங்க?" என்று கேட்பார்கள். ஒரு பழியில் மாட்டிக்கொண்டு வந்தேன் என்றால் சிரிப்பார்கள். ஒவ்வொரு பேட்ச்சுக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

கல்லூரி சித்தூர் பக்கம், பெயர் வேண்டாம். நான் குப்பத்துக்குப் பக்கத்தில் குடுபல்லி. பத்தாவது வரை தமிழ் மீடியம். எம்.எஸ்சி.யில் புத்தகம் இங்கிலீஷ், சார் விளக்குவது தெலுங்கு, என் மண்டைக்குள் ஓடுவது தமிழ். குவாண்டம் மெக்கானிக்ஸ் எனக்கு மூன்று மொழியிலும் ஒரே அளவுக்குப் புரியவில்லை. நியூக்ளியர் பிசிக்ஸ் மட்டும் புரிந்தது. புரிய வைத்தவர் சுப்பாராயுடு சார்தான். எங்களைப் போன்ற தமிழ்ப் பிள்ளைகளுக்காகத் தனக்குத் தெரிந்த தமிழைத் தெலுங்கில் பிசைந்து பேசுவார்.

"எந்த அணு எப்போ உடையும்? தெலியது. தேவுடுக்கே தெலியது. அலிபிரியில, திருமல அடிவாரத்துல, போய் நில்லு. எந்த பக்தன் எப்போ மொதல் படி ஏறுவான்? தெலியது. கானி, ஒரு நாளைக்கு எத்தினி பேரு ஏறுவாங்கன்னு சுமாரா சொல்லிடலாம். அந்தே! அதுதான் ரேடியோஆக்டிவிட்டி."

அன்று பெஞ்சில் உட்கார்ந்தபடியே எனக்குச் சிலிர்த்தது. அதற்கப்புறம் ஜி.எம். கவுண்டர் என்றால் எனக்கு உயிர். பெரிய கருவி ஒன்றும் இல்லை. கட்டைவிரல் பருமனில் ஒரு குழாய், ஒயர், சிவப்பு எண்கள் ஓடுகிற ஒரு பெட்டி. குழாய்க்குள் ஒரு கதிர் நுழைந்தால் ஒரு 'டிக்'. கண்ணால் பார்க்கவே முடியாத ஒன்று காதில் விழுகிறதே என்று முதல் நாள் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

2. இடுக்கியிலிருந்து நழுவியது

அந்த வருடம் லேபுக்குப் புது மேஜை வந்தது. குப்பத்தில் கிரானைட் பாலிஷ் யூனிட் வைத்திருந்த ஒரு மாணவனின் அப்பா, சிவப்புக் கல் பலகைகளை இனாமாகக் கொடுத்தார். ஆடிக்கொண்டிருந்த மர மேஜைகளைத் தூக்கிவிட்டு, கொத்தனார்கள் வந்து சுவரோரமாகக் கல்லைப் பதித்தார்கள். ஒரு ஓரத்தில் சிங்க் வைக்கக் கல்லை அறுத்து ஓட்டையும் போட்டார்கள். முகம் தெரியும் பளபளப்பு. நாங்கள் பிசிக்ஸ் படித்ததை விட அந்த மேஜையில் தலை சீவியது அதிகம்.

அந்த மேஜையில் கவுண்டரை வைத்துச் செய்த முதல் நாளே என் கை சதி செய்தது. சோர்ஸ் என்று நாங்கள் சொல்வது, கதிர் விடும் சீசியம் பொருளை உள்ளே வைத்து மூடிய பிளாஸ்டிக் வட்டு. பழைய ஒரு ரூபாய் அளவு இருக்கும். இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். எடுத்தேன், நழுவியது. கல் மேல் விழுந்து, குதித்து, உருண்டு நின்றது. உடனே எடுத்து ஈயப் பெட்டியில் வைத்துவிட்டேன். சார் பார்த்துவிட்டு, "ஜாக்கிரத்தம்மா" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் பேக்ரவுண்ட் எடுத்தோம். சோர்ஸைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் கவுண்டர் கொஞ்சம் டிக் டிக் என்றுகொண்டுதான் இருக்கும். அதுதான் பேக்ரவுண்ட். அதை முதலில் எடுத்து, பிறகு வரும் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும். உண்மையில் யாரும் எடுப்பதில்லை. சீனியர் எழுதி வைத்ததை எழுதிவிடுவார்கள். பரீட்சை நெருங்கியதால் சார் அன்று நிஜமாகவே எடுக்கச் சொன்னார். எனக்குப் பார்ட்னர் மஞ்சுளா, நகரியில் நெசவுக் குடும்பத்துப் பெண். ஹாஸ்டலில் என் ரூம்மேட்டும் அவள்தான்.

எண்கள் ஓடின. வழக்கமாக வருவதைப் போல ஒன்றரை மடங்கு வந்தது. மறுபடி எடுத்தோம். அதேதான்.

"இன்னாடி இது, பொட்டிய நல்லா மூடனியா?" என்றாள் மஞ்சுளா.

மூடித்தான் இருந்தது. சார் வந்தார். பெட்டியை அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டுப் பார்த்தார். குறையவில்லை. குழாயை ஸ்டாண்டிலிருந்து கழற்றிக் கையில் பிடித்து, மேஜையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாக நகர்த்தினார். போன இடமெல்லாம் அதிகம். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏமம்மா கஸ்தூரி, ஆ ரோஜு கீழ போட்டியே, சோர்ஸ் பகிலி போயிந்தா?"

சோர்ஸ் உடைந்து, உள்ளே இருந்தது மேஜையெல்லாம் பரவிவிட்டதா என்று கேட்கிறார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். பூட்டு விழுந்தது.

3. காலியான பெஞ்சு

பிரின்சிபாலுக்கு ரிப்போர்ட் போகும், விசாரணை முடியும் வரை நான் பிராக்டிகல் எழுத முடியாது என்று சார் சொன்னார். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிராக்டிகல் போனால் வருடம் போகும். வருடம் போனால் எங்கள் நைனா மறுபடி அனுப்ப மாட்டார். எம்.எஸ்சி.க்கே, "இதான் கடைசி, அப்பால நான் சொல்ற எடத்துல தாலிக் கயித்துக்குக் கழுத்த நீட்டணும்" என்று பேசித்தான் அனுப்பியிருந்தார். அவருக்குப் போன் போட்டு வானிலை, வயல் எல்லாம் பேசினேன். இதை மட்டும் பேசவில்லை.

அதைவிட மோசம் ஹாஸ்டல். மதியம் மெஸ்ஸில் நான் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவள் சாம்பார் வாங்கப் போனாள். திரும்பி வந்து வேறு பெஞ்சில் உட்கார்ந்தாள். அடுத்தவளும் எழுந்தாள். ராத்திரி நான் உட்கார்ந்த பெஞ்சு முழுசும் எனக்கே. பிசிக்ஸ் படிக்கிற பெண்களே இப்படி என்றால் தெலுங்கு இலக்கியம் படிக்கிறவர்களை என்ன சொல்வது? மஞ்சுளா ரூமை விட்டுப் போகவில்லை. ஆனால் கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். "காத்து வரலடி" என்றாள். ஃபேன் என் பக்கம் இருந்தது.

நானே என்னை நம்பவில்லை என்பதுதான் வேதனை. அந்த வட்டைத் தொட்ட கை என்று சோப்பு போட்டுக் கழுவுவேன். அரை மணி நேரத்தில் மறுபடி கழுவுவேன். தோல் உரிந்து எரிந்தது.

4. ஞாயிற்றுக்கிழமைத் துணி

ஞாயிறு காலை ஹாஸ்டல் பின்பக்கம் துணி துவைக்கப் போனேன். வேறு யாரும் வரவில்லை. நான் இருந்தால் வர மாட்டார்கள். புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டேன். பரீட்சை எழுத விடுவார்களோ இல்லையோ, படிப்பது பழக்கமாகிவிட்டது. 'பேக்ரவுண்டுக்குக் காரணங்கள்: விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள், மண், பாறைகள்.' டிகிரியிலிருந்து எத்தனையோ தடவை எழுதி மார்க் வாங்கிய வரி. சட்டையைக் கல்லில் அடித்தபடி மனப்பாடம் செய்தேன். காஸ்மிக் கதிர்கள், மண், பாறைகள். மண், பாறைகள்.

அப்போதுதான் எதன் மேல் அடிக்கிறேன் என்று பார்த்தேன்.

சிவப்புக் கல். கறுப்புப் பொட்டு. ஓரம் வளைந்த செவ்வகம், சரியாகச் சிங்க் அளவு. கொத்தனார்கள் ஓட்டை போட்டபோது வெளியே வந்த துண்டு. ஹாஸ்டல் ஆயம்மா வீணாகக் கிடக்கிறதே என்று துணி துவைக்கத் தூக்கி வந்து போட்டிருந்தார்.

சோப்பு நுரையோடு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். குப்பத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. பாறைக்கு நடுவில் பிறந்து, பாறை மேல் விளையாடி, 'பாறைகள்' என்று பரீட்சையில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறேன். நாங்கள் எழுதியது எங்கேயோ வெள்ளைக்காரன் ஊர்ப் பாறை என்றே எல்லோருக்கும் நினைப்பு. நம் ஊர்க் கல் அது பாட்டுக்குக் கல்லாக இருந்துவிட்டது.

இன்னொன்றும் தோன்றியது. சோர்ஸ் உடைந்திருந்தால் விழுந்த இடத்தில் அதிகமாகவும் மற்ற இடத்தில் குறைவாகவும் இருக்க வேண்டும். மேஜை முழுக்க ஒரே மாதிரி எப்படி வரும்? ஈரத் துணியால் துடைத்ததில் பரவியிருக்கும் என்று சார் சொல்லலாம். ஆனால் இந்தத் துண்டு? மேஜையில் சோர்ஸ் விழுவதற்கு முன்பே வெளியே வந்துவிட்டதே! இதிலும் எண் ஏறினால் கதிர் விடுவது கல்தான்.

ரூமுக்கு ஓடி மஞ்சுளாவிடம் சொன்னேன். மூச்சு வாங்கியதில் பாதி புரிந்திருக்காது. வந்து கல்லை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏய், ரெண்டு மாசமா இது மேலதான் என் துணியெல்லாம் தொவைச்சுக்கினு கீறேன். இப்போ தூக்குனா மட்டும் இன்னா ஆயிடப் போவுது? புடி அந்தப் பக்கம்."

5. வராண்டா

சார் வீடு கேம்பஸிலேயே இருந்தது. ஈரத் துணியோடு இரண்டு பெண்கள் கல்லைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றால் யாருக்கும் கோபம் வரும்.

"இது ஏமி?" என்றார்.

சொன்னேன். மூன்று மொழியும் கலந்து, அழுதுகொண்டே சொன்னேன். அவர் உள்ளே போய் லேப் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

கவுண்டரை லேப் வராண்டாவுக்குக் கொண்டுவந்து மர ஸ்டூல் மேல் வைத்தோம். முதலில் வெறும் ஸ்டூல். பழைய பேக்ரவுண்ட் எண்ணே வந்தது. பிறகு கல்லைத் துடைத்துக் காயவைத்து, குழாய்க்கு அடியில் தள்ளினேன். அந்தச் சில நிமிடம் நான் எண்களைப் பார்க்கவில்லை. சார் முகத்தைத்தான் பார்த்தேன். சிவப்பு எண்கள் ஏற ஏற அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"ராயி," என்றார் மெதுவாக. கல். "ராயேனம்மா!"

அதற்குப் பிறகு எங்களை யார் கேட்டார்கள்? ஹெச்.ஓ.டி. என்பதே அவருக்கு மறந்துவிட்டது. சோர்ஸை எடுத்துப் பஞ்சால் துடைத்து, பஞ்சைக் கவுண்டருக்குக் கீழே வைத்துப் பார்த்தார். பஞ்சில் ஒன்றும் இல்லை. வட்டு உடையவில்லை. இன்றைக்கு எங்கள் வேலையில் கசிவு சந்தேகம் வந்தால் முதலில் செய்வதே இந்தத் துடைப்புச் சோதனைதான். அன்று பயத்தில் அவருக்கே தோன்றவில்லை. அப்புறம் எக்ஸ்டென்ஷன் ஒயரை மஞ்சுளா இழுக்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லூரி வாசலுக்கு ஓடினார். அங்கே திறப்பு விழாக் கல்வெட்டு, கறுப்புக் கல். குழாயை அதன் முன்னால் பிடித்தார். எண்ணிக்கை ஏறவே இல்லை.

"சூசாவா! கறுப்புக் கல்லு வேற, சிவப்புக் கல்லு வேற! இதுல கதிர் விடுற பொட்டாசியம், தோரியம் தக்குவ, கம்மி!"

"சார், அப்போ அந்தக் கல்லுல துணி தொவைச்சா ஒண்ணும் ஆவாதா?" என்றாள் மஞ்சுளா.

"அரட்டிப் பழம், அதான் வாழப்பழம், அதுலயும் பொட்டாசியம் உண்டு, உன் ஒடம்புலயும் உண்டு. நல்லா தொவை, போ."

நான் வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இரண்டு பேரும் என்னை அழ விட்டார்கள்.

6. அப்பளம்

அன்று மதியம் மெஸ்ஸில் என் பெஞ்சு அப்போதும் காலியாகத்தான் இருந்தது. மஞ்சுளா மட்டும் பக்கத்தில். கல் கதையை அவள் போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டுதான் வந்தாள். கேட்டுக்கொண்டார்கள், ஆனால் பயம் அத்தனை சீக்கிரம் போகுமா?

திடீரென்று சத்தம் அடங்கியது. நிமிர்ந்தால் சுப்பாராயுடு சார். பெண்கள் மெஸ்ஸுக்குள் அவர் அதுவரை வந்ததே இல்லை. சமையல்காரம்மாவிடம் ஒரு தட்டு கேட்டு வாங்கினார். நேராக வந்து என் எதிரில் உட்கார்ந்தார். பப்பும் சோறும் பிசைந்தார். கையை நீட்டி என் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து, பாதி உடைத்துத் தின்றார். மீதியை என் தட்டிலேயே வைத்தார். மெஸ் முழுக்கப் பார்த்தது.

"பேக்ரவுண்ட் எடுக்காமலே உன் மேல கணக்கு எழுதிட்டேம்மா," என்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார். "தப்பு நாதே, என்னுதுதான்."

சாயங்காலம் என் பெஞ்சில் உட்கார இடம் இல்லை. பிராக்டிகல் எழுதினேன், பாஸானேன், நைனாவின் கயிறு இன்னும் சில வருடம் காத்திருந்தது. சார் இப்போது இல்லை. அப்பளம் பொரிக்கிற வாசனை வந்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மெஸ்தான் ஞாபகம் வரும்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: எதை அளந்தாலும் முதலில் பேக்ரவுண்ட் எடுங்கள். அடுத்தவன் எடுத்ததை எழுதாதீர்கள். புத்தகத்தில் 'பாறை' என்றிருந்தால் உங்கள் ஊர்ப் பாறையைத் தொட்டுப் பாருங்கள். இது எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் பாடம். புத்தகத்தில் இல்லாத ஒன்றும் உண்டு.

சமீபத்தில் எங்கள் மருத்துவமனையில் ஒரு புது நர்ஸின் பேட்ஜில் ரீடிங் அதிகமாக வந்தது. உடம்பில் பட்ட கதிர்வீச்சைக் காட்டுகிற, சட்டையில் குத்திக்கொள்கிற பேட்ஜ். அந்தப் பெண் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவள், இந்த ஊரில் யாரையும் தெரியாது. பேட்ஜ் குத்திய கோட்டை ஸ்கேன் ரூமிலேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறாள், அவள் மேல் எதுவும் படவில்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் தகவல் வந்த அன்று கையில் மீட்டரோடு அவளைத் தேடிப் போனபோது, கேன்டீனில் தனியாக உட்கார்ந்திருந்தாள். சுற்றி நாலு நாற்காலியும் காலி.

மீட்டரைப் பையில் போட்டேன். பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, இரண்டு டீ சொன்னேன்.