சிவசங்கரிக்கு ஜெயம் போட்ட மார்க்கு

சிவசங்கரி என்கிற பெயரை ஜெயம் முதன்முதலாகக் கேட்டபோது, அவள் கையில் கோயில் பீடத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் இருந்தன. பதினோரு வருஷத்துக்கு முந்தி, குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள். தம்பி அருள்தாஸ் உள்ளேயும் வராமல் வெளியேயும் போகாமல் வாசற்படியில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"அக்கா, ஒரு பொண்ணு இருக்குது. பேரு சிவசங்கரி."

"பேர்லயே சிவனும் கீறாரு, அவரு வீட்டம்மாவும் கீறாங்க. நம்ம சாமிக்கு எங்கடா இடம்?"

அவன் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள். அன்றைக்கு அந்தப் பெயர்மேல் அவளுக்கு ஒரு காய்ச்சலும் கிடையாது.

ஜெயம் யாரென்றால், ஆரணிக் கோட்டைப் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்த சின்னப்பனுக்கு மூத்த மகள். தாய் செத்தபோது அருள்தாஸுக்கு நாலு வயசு. இவள்தான் தூக்கி வளர்த்தாள். அதனால் படிப்பு ஒன்பதாவதோடு நின்றது. ஆனால் ஞான உபதேசம் என்றால் ஆரணிப் பங்குக் கோயிலில் அவளை விட்டால் ஆள் கிடையாது. அஞ்சு சாமியார்கள் வந்து மாற்றலாகிப் போனார்கள். ஜெயத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் புது நன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக அப்பம், வாங்கப்போகிற பிள்ளைகளைக் கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் உட்கார வைப்பாள். மங்கள வார்த்தை ஜெபம், விசுவாசப் பிரமாணம், உத்தம மனஸ்தாப மந்திரம், எல்லாம் ஒரு எழுத்து தப்பாமல் ஒப்பிக்க வேண்டும். தப்பினால் ஸ்கேல். கல்யாணமாகிப் போன பெண்கள்கூட கடைத்தெருவில் அவளைப் பார்த்தால் "தோத்திரம் டீச்சரம்மா" என்று தலையைத் தாழ்த்துவார்கள். பெற்ற பிள்ளை இல்லாத ஜெயத்துக்கு அந்தத் தோத்திரம்தான் சொத்து.

சிவசங்கரி கொசப்பாளையத்து மாணிக்கவேல் மகள். அவருக்கு வீட்டிலேயே பட்டுத்தறி. இவள் காலேஜ் படித்துவிட்டு, சேலைக் கரைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிற இடத்தில் வேலை பார்த்தாள். அருள்தாஸ் ஜரிகைக் கடை ஆள். அங்கே போக வர இருந்ததில் பழக்கம். பெண்ணைப் பெற்ற காசியம்மாள் ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பேத்தி பிறந்ததும் பழைய புடவையெல்லாம் கிழித்து மூட்டை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

கல்யாணத்துக்கு முந்தி சிவசங்கரிக்கு ஞானஸ்நானம். ஆறு மாசம் உபதேசம் சொல்லிக்கொடுத்தது ஜெயம். கையைப் பிடித்து நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை போடப் பழக்கினது ஜெயம். ஞானத்தாயாகப் பக்கத்தில் மெழுகுவர்த்தி பிடித்து நின்றதும் ஜெயமே. ரிஜிஸ்டரில் தெரேசா என்று எழுதினார்கள். வீட்டில் எல்லாரும் சங்கரி என்றே கூப்பிட்டார்கள்.

"என் மருமவ ஒரு தடவை சொன்னா புடிச்சிக்குவா" என்று ஜெயம் அந்த நாளில் ஊரெல்லாம் பெருமை பேசினாள். தம்பி பெண்டாட்டியை மருமவ என்பாளா என்று கேட்டால், வளர்த்தவள் நான், எனக்கு மருமவதான் என்பாள்.

காய்ச்சல் வந்தது வாசகத்தில். பூசையில் வேதாகம வாசகம் வாசிக்கிற பெண் ஒரு ஞாயிறு வரவில்லை. பங்குச் சாமியார் தென்னரசு சிவசங்கரியைக் கூப்பிட்டார். அவள் நிதானமாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். கோயில் கப்சிப் என்று இருந்தது. வெளியே வந்ததும் நாலு பேர், "உங்க தம்பி வூட்டம்மா இன்னாமா வாசிக்கிது! நமக்கே இப்பதான் புரியுது" என்று ஜெயத்திடமே வந்து சொன்னார்கள். ஜெயமும் அதே மைக்கில் பல வருஷம் வாசித்தவள். அப்போது யாருக்கும் புரியவில்லையோ?

அடுத்து படிப்பு வந்தது. சென்னையில் ஒரு இடத்தில், குடும்பத்தோடு இருக்கிறவர்களும் வேதம் படிக்கலாம், மாசம் ரெண்டு சனி ஞாயிறு போனால் போதும், மூணு வருஷத்தில் முதுகலைப் பட்டம் என்று தென்னரசு சாமியார் சொன்னார். வேதாகமம், திருச்சபை நடந்து வந்த வரலாறு, ஞான உபதேசத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பது வரைக்கும் பாடம். சிவசங்கரி சேரப்போகிறாள் என்றதும் ஜெயம் நேரே சாமியாரிடம் போனாள்.

"ஃபாதர், இதெல்லாம் சாமியாருங்களும் சிஸ்டருங்களும் படிக்கிறது இல்லையா? புள்ளகுட்டிக்காரிங்களும் படிக்கலாமா?"

"படிக்கலாம்மா. ரொம்ப வருஷமா படிக்கிறாங்களே."

"ரொம்ப வருஷமாவா? அப்புறம் ஏன் எங்கிட்ட யாரும் சொல்லல?"

சாமியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதுக்கு ஒரு டிகிரி வேணும்மா."

ஜெயம் தோத்திரம் சொல்லாமல் வந்துவிட்டாள்.

அதிலிருந்து அவளுக்கு சிவசங்கரி எது செய்தாலும் உறுத்தியது. காலையில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால் உறுத்தியது. புத்தகத்தில் கலர் கலராகக் கோடு போட்டால் உறுத்தியது. "அண்ணி, இந்த இடம் கிரேக்கத்துல வேற மாதிரி இருக்குதாம்" என்று ஆசையாகச் சொல்ல வந்தால், "எனக்குத் தமிழ்ல இருக்கிறதே போதும்மா, அரிசி கழுவணும்" என்று எழுந்து போனாள்.

"உனக்கு அதுமேல காய்ச்சல்" என்றான் அருள்தாஸ்.

"எனக்கு இன்னாடா காய்ச்சல்? நேத்து ஞானஸ்நானம் வாங்குனவகிட்ட?"

"நேத்தா? ஏழு வருஷம் ஆச்சுக்கா."

"எனக்கு அம்பது வருஷம் ஆச்சுடா."

படிப்பின் கடைசி வருஷத்தில் செய்முறைப் பயிற்சி. சொந்தப் பங்கில் பன்னிரண்டு ஞாயிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த வேண்டும். பக்கத்திலிருந்து பார்த்து மார்க்குப் போட வேண்டியது யார்? அந்தப் பங்கில் ஏற்கனவே உபதேசம் சொல்லிக்கொடுக்கிற ஆள். சாமியார் தாளைக் கொண்டுவந்து ஜெயத்திடம் கொடுத்தார். பத்துக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க்கு, கடைசியில் குறிப்பு எழுத நாலு வரி இடம். போட்டு முடித்து ஒட்டி நேராகத் தபாலில் அனுப்பிவிட வேண்டும். படிக்கிற பெண் கண்ணில் காட்டக் கூடாது.

"நான் ஒம்பதாவது, ஃபாதர். அவ எம்.ஏ. நான் மார்க்கு போடுறதா?"

"காலேஜ்ல அனுபவத்தைத்தான் கேக்குறாங்க. நீங்கதான் போடணும்."

ஜெயம் தாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அவள் வீட்டுக்காரர் நெடுஞ்செழியன், மினிபஸ் ஓட்டுகிறவர், எட்டிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, சங்கரி பாடு பேஜாருதான்" என்றார்.

பாடம் தொடங்கியது. ஜெயம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக் கொட்டகையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சிவசங்கரி கையில் ஸ்கேல் இல்லை. பிள்ளைகளை வரிசையாக உட்காரச் சொல்லாமல் வட்டமாக உட்கார வைத்துத் தானும் தரையில் உட்கார்ந்தாள். ஒழுக்கம் போச்சு என்று ஜெயம் மனசில் குறித்துக்கொண்டாள்.

நாலாவது ஞாயிறு, மீன் வயிற்றுக்குள் மூணு நாள் இருந்த தீர்க்கதரிசி கதை. பானுப்ரியா என்று ஒரு வாயாடிப் பெண், ஒன்பது வயசு, எழுந்தாள்.

"மிஸ், மீனுக்குள்ள அவரு எப்படி மூச்சு வுட்டாரு?"

இந்தக் கேள்வி ஜெயத்துக்குப் புதிதில்லை. 'ஆண்டவர் வுட வெச்சாரு, உக்காரு' என்பதுதான் அவள் எப்போதும் சொல்கிற பதில்.

"எனக்குத் தெரியல பானு" என்றாள் சிவசங்கரி. "ஆனா மீனு வர்றது கதையில பாதிதான். மீதி தெரியுமா? அவரு போய்ப் புத்தி சொன்னதும் அந்த ஊர்க்காரங்க திருந்திட்டாங்க. கடவுளும் மன்னிச்சிட்டாரு. அதுல இவருக்குக் கோவம் வந்திடுச்சு."

"மன்னிச்சா ஏன் மிஸ் கோவம்?"

"அவங்க வெளியாளுங்க இல்ல? காலங்காலமா சாமி கும்புடுறது நாங்க, நேத்து வந்தவங்களுக்கு இவ்ளோ சலுகையான்னு ஊருக்கு வெளிய போய் மூஞ்ச தூக்கிகினு உக்காந்துட்டாரு."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். பானுப்ரியா உதட்டைப் பிதுக்கி அவர் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து காட்டினாள். ஜெயத்துக்கு மட்டும் காது சூடேறியது. என்னைத்தான் குத்துகிறாள், வேண்டுமென்றே கட்டிவிடுகிறாள் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து, சோறு வடிக்கிறதற்கு முன்னாலேயே வேதாகமத்தை எடுத்துப் பிரித்தாள். அந்தத் தீர்க்கதரிசி ஆகமம் நாலே அதிகாரம். கடைசி அதிகாரத்தில் அப்படியே இருந்தது: கோபம், ஊருக்கு வெளியே போய் உட்கார்ந்தது, எல்லாம். அத்தனை வருஷமும் மீன் கரையில் கக்கினதோடு கதையை முடித்தவள் அவள். ஒரு சாமியாராவது 'ஜெயம், இன்னும் ரெண்டு பக்கம் இருக்குது' என்று சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை. இவளுக்கு மட்டும் சென்னையில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அடுப்பில் சோறு குழைந்து போனது. அதற்கும் சிவசங்கரியையே திட்டினாள்.

பன்னிரண்டாவது ஞாயிறு முடிந்ததும் மார்க்குப் போட்டாள். நூற்றுக்கு முப்பத்தெட்டு. குறிப்பில், 'பிள்ளைகளுக்கு ஜெபம் மனப்பாடம் இல்லை. பயபக்தி பத்தாது. சிரிப்பு அதிகம்' என்று எழுதி, ஒட்டி, தபால் பெட்டியில் போட்டுவிட்டு, ஒரு டீ குடித்தாள். இதோடு படிப்பும் போச்சு, பவுசும் போச்சு, பழையபடி கம்ப்யூட்டரில் மாங்காய்க் கரை போட்டுக்கொண்டு கிடப்பாள் என்பது அவள் எண்ணம்.

விதி வேறு மாதிரி இருந்தது. ஐம்பதுக்குக் கீழே வாங்கினால் பட்டம் நிற்கும்; அடுத்த வருஷம் அதே பங்கில், அதே ஆள் முன்னால், மறுபடி செய்து காட்ட வேண்டும். தென்னரசு சாமியார் ஞாயிறு அறிவிப்பிலேயே, "அதுவரைக்கும் சங்கரி ஒவ்வொரு வாரமும் ஜெயம்மாவோட சேர்ந்தே பிள்ளைங்களைப் பார்த்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டார்.

பன்னிரண்டு ஞாயிறில் தீர வேண்டியதை ஒரு வருஷமாக இழுத்துவிட்டது ஜெயத்தின் பேனாதான்.

சிவசங்கரி சண்டைக்கு வரவில்லை. குறிப்பை மட்டும் அவளுக்கு அனுப்பியிருந்தார்கள் போலிருக்கிறது. ஒருநாள் கிணற்றடியில், "நீங்க எழுதுனது சரிதான் அண்ணி. மனப்பாடத்தை நான் வுட்டுட்டேன். எப்படி ஏத்துறீங்கன்னு சொல்லிக்குடுங்க" என்றாள். கண்ணில் தண்ணீர் இருந்தது. குரலில் மட்டும் இல்லை.

ஜெயம் கயிற்றை இழுத்து வாளியைத் தூக்கினாள். "ஸ்கேலு எடு, தானா ஏறும்" என்றாள்.

சிவசங்கரி ஸ்கேல் எடுக்காமலே ஏற்றினாள். ஜெபத்தைச் சொல் சொல்லாக அர்த்தம் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் விளையாட்டாக ஒப்பித்தார்கள். பானுப்ரியா விசுவாசப் பிரமாணத்தை மூச்சு விடாமல் சொன்னாள். ஒரு மழை ஞாயிறு ஜெயம் கொட்டகைக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவளைத் தாண்டி ஓடினார்கள். பின்னால் சிவசங்கரி குடையை மடக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். மிஸ், மிஸ் என்று ஒரே கூச்சல். ஜெயம் ஈரப் புடவையோடு அப்படியே நின்றாள். இத்தனை வருஷத்தில் பிள்ளைகள் அவளைப் பார்த்து எழுந்து நின்றிருக்கிறார்கள், ஓடி வந்ததில்லை.

இரண்டாவது தடவை தாள் வந்தது. கூடவே தென்னரசு சாமியார் ஒரு சேதியும் சொன்னார். "இந்தத் தடவை தேறிட்டா வேலூருக்கு எடுத்துக்குவாங்கம்மா. பிஷப் இருக்கிற மறைமாவட்ட ஆபீஸ்ல ஞான உபதேசத்தைப் பாத்துக்க ஆள் வேணுமாம்."

"வேலூருக்கா? ஞாயித்துக்கிழமை இங்க வரமாட்டாளா?"

"குடும்பத்தோட அங்க போயிடுவாங்க. ஞாயிறு எல்லாம் ஊர் ஊரா போகணுமே."

ஜெயம் அன்றைக்கே பேனாவை எடுத்தாள். பத்து, பத்து, பத்து என்று பத்துக் கேள்விக்கும் போட்டாள். நெடுஞ்செழியன் தோள் பக்கமாகப் பார்த்துவிட்டு, "இன்னாடி, மனசு மாறிட்டியா?" என்றார்.

"போவட்டும். நூறு வாங்கிகினு ஜல்தியா போவட்டும். என் புள்ளைங்களை எங்கிட்ட வுட்டுட்டுப் போவட்டும்."

குறிப்பு எழுதுகிற இடத்தில் பேனா நின்றது. ஒரு குறை எழுத வேண்டும் என்று கை துடித்தது. எழுத ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிந்தது. 'குறை இல்லை' என்று எழுதி ஒட்டினாள்.

சிவசங்கரி தேறினாள். அருள்தாஸுக்கும் வேலூரில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. வண்டியில் சாமான் ஏற்றின அன்று சிவசங்கரி ஜெயத்தின் காலைத் தொட்டாள். ஜெயம் நெற்றியில் சிலுவை போட்டாள். தம்பி போகிறானே என்று அழுதாள். அது நிஜ அழுகைதான்.

கொட்டகை மறுபடி அவள் கைக்கு வந்தது. முப்பத்தோரு பிள்ளைகள். முதல் ஞாயிறு பானுப்ரியா, "மிஸ் எப்ப வருவாங்க டீச்சரம்மா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிறும் கேட்டாள். மூணாவது ஞாயிறு ஜெயம் ஸ்கேலை எடுத்து மேஜைமேல் வைத்தாள், கேள்வி நின்றது.

அப்புறம் ஒரு கடிதம் வந்தது. மறைமாவட்டத்தில் உபதேசம் சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லாரும் மாசம் இரண்டாவது சனிக்கிழமை வேலூருக்கு வந்து பயிற்சி எடுக்க வேண்டும். வராதவர்கள் வகுப்பு நடத்தக் கூடாது. நடத்துபவர்: சிவசங்கரி அருள்தாஸ், எம்.ஏ.

முதல் மாசம் ஜெயத்துக்கு முட்டிவலி. இரண்டாவது மாசம் தலைசுற்றல். மூணாவது மாசம் சாமியார், "கொட்டகையை வேற யாருகிட்டயாவது குடுக்கட்டுமாம்மா?" என்றதும் பஸ் ஏறிவிட்டாள். வந்தவாசி, கலசப்பாக்கம் என்று சுற்று ஊர்களிலிருந்து அறுபது பேர் வந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். சிவசங்கரி கண்டுபிடித்துவிட்டாள். "எங்க அண்ணி வந்துகீறாங்க. எனக்கு முதல்ல சிலுவை போடக் கத்துக்குடுத்தவங்க இவங்கதான்" என்றதும் அறுபது பேரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். ஜெயம் எழுந்து கும்பிட்டாள். அந்தக் கைதட்டலையும் சிவசங்கரிதானே வாங்கிக்கொடுக்க வேண்டியிருக்கிறது என்று பொருமிக்கொண்டே உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் பையிலிருந்து நோட்டை எடுத்து, மற்றவர்கள் எழுதத் தொடங்கும் முன்னால் தேதி போட்டாள்.

சிவசங்கரி இப்போது வேலூரில், மறைமாவட்ட மறைக்கல்வி அலுவலகத்தில் இருக்கிறாள். புருஷனோடும் மகளோடும் பக்கத்திலேயே ஒரு மாடி வீட்டில் குடியிருக்கிறாள்.